வானொலி நிதி ஆலோசகர்களும் முதலீட்டு மோசடிகளும்: அமெரிக்க வரலாறு

சேமிப்பு, முதலீடு, ஓய்வுக்கால வருமானம் ஆகியவை பற்றி வானொலியில் பொதுமக்களுக்கு அறிவுரை கூறும் நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் 1920களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை பயனுள்ளவை. சில, விளம்பரத்தையே அறிவுரை போலச் சொன்னவை. மிகச் சில, கேட்டவர்களின் வாழ்நாள் சேமிப்பை விழுங்கியவை. இந்த மூன்றும் ஒரே அலைவரிசையில், ஒரே மாதிரியான குரலில் ஒலித்ததால் கேட்பவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அமெரிக்கச் சட்டமும் இந்த வேறுபாட்டை வரையறுக்கப் பல ஆண்டுகள் திணறியது. கடைசி வகையின் வரலாறே இக்கட்டுரையில் முதன்மையாகச் சொல்லப்படுகிறது.

முதிய ஆலோசகர்

சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஹால்சி ஸ்டூவர்ட் என்ற நிறுவனம் கடன் பத்திரங்களை மொத்தமாக வாங்கிப் பொதுமக்களுக்கு விற்று வந்தது. இந்நிறுவனம் 1928-ஆம் ஆண்டில் என்.பி.சி. வானொலியில் வாரந்தோறும் ஒரு மாலை நிகழ்ச்சியை நடத்தத் தொடங்கியது. முதலில் இசைக்குழுவின் இசை இருக்கும். பின்னர் 'முதிய ஆலோசகர்' என்று அறிமுகப்படுத்தப்படும் ஒருவர் பேசுவார். நிதானமான, கனிவான குரல். அவசரப்பட்டுப் பணக்காரர் ஆக முயல வேண்டாம், பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம், நல்ல கடன் பத்திரங்களைத் தேர்ந்து வாங்குங்கள், நம்பகமான நிறுவனத்தின் ஆலோசனையைக் கேளுங்கள் என்பார். எழுதிக் கேட்பவர்களுக்கு இலவசக் கையேடு அனுப்பப்படும் என்ற அறிவிப்பும் உண்டு.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும். முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு 'சுதந்திரக் கடன்' பத்திரங்களை இலட்சக்கணக்கான சாதாரண குடும்பங்களுக்கு விற்றிருந்தது. பத்திரம் என்றாலே வங்கி முதலாளிகளுக்கு உரியது என்று எண்ணியிருந்த தபால்காரரும் ஆசிரியையும் விதவையும் முதன்முறையாக அதைக் கையில் வைத்திருந்தார்கள். போர் முடிந்து அப்பத்திரங்கள் முதிர்வடைந்தபோது அந்தப் பணத்தை அடுத்து எதில் போடுவது என்ற கேள்வி அவர்களுக்கு எழுந்தது. அக்கேள்விக்கு வீட்டுக் கூடத்தில் ஒலித்த பதில்தான் முதிய ஆலோசகர்.

அவர் பரிந்துரைத்த 'நம்பகமான நிறுவனம்' அப்போது அதிகமாக விற்றுக்கொண்டிருந்தவை சாமுவேல் இன்சல் என்பவரின் மின்சார நிறுவனங்களின் பத்திரங்கள். இங்கிலாந்தில் பிறந்த இன்சல், தாமஸ் எடிசனின் செயலாளராக அமெரிக்கா வந்து, சிகாகோவில் பெரும் மின்சார சாம்ராஜ்யத்தைக் கட்டியவர். உண்மையில் மின்சாரம் உற்பத்தி செய்யும் நிறுவனங்களின் மேல் ஒரு நிறுவனம், அதன் பங்குகளை வைத்திருக்க மற்றொரு நிறுவனம், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காக அது வளர்ந்தது. உச்சியில் இருந்த இரண்டில் ஒன்றான 'கார்ப்பரேஷன் செக்யூரிட்டீஸ்' நிறுவனம் இன்சலும் ஹால்சி ஸ்டூவர்ட்டும் சேர்ந்து 1929-இல் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. கீழ் அடுக்கில் வருமானம் சற்றுக் குறைந்தாலே மேல் அடுக்குக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது அடுக்கு நிறுவனங்களின் இயல்பு. 1932 ஏப்ரலில் இன்சலின் மேல்நிலை நிறுவனங்கள் நொடித்துப் போயின. சிறு முதலீட்டாளர்கள் பெருமளவில் பணத்தை இழந்தனர். இன்சல் ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டார்.

அமெரிக்க மேலவையின் வங்கிக் குழு 1933 பிப்ரவரியில் இதை விசாரித்தது. குழுவின் வழக்கறிஞர் பெர்டினாண்ட் பெக்கோரா, சிசிலியில் பிறந்து சிறுவயதில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். நிறுவனத் தலைவர் ஹெரால்டு ஸ்டூவர்ட்டிடம் முதிய ஆலோசகர் யார் என்று அவர் கேட்டபோது உண்மை வெளிவந்தது. அவர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர். வாரம் 50 டாலர் சம்பளம். பேச்சுகளை எழுதியது அவர் அல்லர். நிறுவனமே எழுதிக் கொடுத்தது. அவர் வாசித்தார்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒலிபரப்புக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதை அறிவிக்க வேண்டும் என்று 1927-ஆம் ஆண்டு வானொலிச் சட்டமே கூறியிருந்தது. ஹால்சி ஸ்டூவர்ட் தன் பெயரை மறைக்கவில்லை. நிகழ்ச்சியே அதன் பெயரில்தான் நடந்தது. மறைக்கப்பட்டது வேறு: 'ஆலோசகர்' என்று ஒருவர் இல்லை என்பது. விற்பனையாளரின் சொற்களைப் பல அனுபவங்கள் கண்ட ஒரு பெரியவரின் சொற்களாக மக்கள் கேட்டார்கள். அதைத் தடுக்க அன்றைய சட்டத்தில் இடம் இல்லை.

இன்சல் 1934-இல் இஸ்தான்புல் துறைமுகத்தில் பிடிக்கப்பட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார். கார்ப்பரேஷன் செக்யூரிட்டீஸ் பங்கு விற்பனை தொடர்பான வழக்கில் அவரும் ஸ்டூவர்ட்டும் பிறரும் விசாரிக்கப்பட்டு, நடுவர் குழுவால் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். ஆகவே முதிய ஆலோசகரை மோசடிக்காரர் பட்டியலில் சேர்ப்பது சரியாகாது. ஆனால் பின்னால் வந்த மோசடிக்காரர்கள் அனைவரும் பயன்படுத்திய கருவி அங்கேதான் உருவானது.

பாதிரியாரும் வெள்ளியும்

இதே காலத்தில் மிச்சிகன் மாநிலத்து ராயல் ஓக் ஊரின் கத்தோலிக்கப் பாதிரியார் சார்லஸ் கஃப்லின் வானொலியில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தார். 1926-இல் சிறுவர்களுக்கான சமய உரையாகத் தொடங்கிய அவர் பேச்சு, பொருளாதார மந்தம் வந்தபின் வங்கிகளையும் நாணயக் கொள்கையையும் தாக்கும் அரசியல் பேச்சாக மாறியது. வெள்ளியை மீண்டும் நாணய உலோகமாக்க வேண்டும் என்பது அவருடைய முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. 1934 ஏப்ரலில் அமெரிக்க நிதித்துறை, வெள்ளியில் ஊக வாணிகம் செய்தவர்களின் பட்டியலை வெளியிட்டது. கஃப்லினின் வானொலிக் கழகத்தின் சார்பில் 5 லட்சம் அவுன்ஸ் வெள்ளிக்கு முன்பேர ஒப்பந்தம் இருப்பது அதில் தெரியவந்தது. வெள்ளி விலை உயர்ந்தால் கழகத்துக்கு லாபம். தாமே எடுத்த முடிவு அது என்று அவருடைய செயலாளர் கூறினார். சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. 

1933, 1940 சட்டங்கள்

1933 மே மாதம் நிறைவேறிய பத்திரங்கள் சட்டத்தின் 17(பி) பிரிவு, பணம் பெற்றுக்கொண்டு ஒரு பங்கையோ பத்திரத்தையோ புகழ்பவர், தாம் பணம் பெற்றதையும் எவ்வளவு பெற்றார் என்பதையும் வெளியிட வேண்டும் என்றது. இதற்கு உடனடிக் காரணம் வானொலி அன்று, செய்தித்தாள்கள். 1932-இல் நியூயார்க்கின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஃபியோரெல்லோ லாகார்டியா, நிதிச் செய்தியாளர்களுக்கு விளம்பரத் தரகர் ஒருவர் கொடுத்த காசோலைகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து மேலவைக் குழுவின் முன் வைத்திருந்தார்.

1940-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் சட்டம், பணம் பெற்று முதலீட்டு ஆலோசனை கூறுவோர் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றது. ஆனால் பொதுவாக வெளிவரும் செய்தித்தாள்களுக்கு விலக்கு அளித்தது. இந்த விலக்கு எதுவரை நீளும் என்ற கேள்விக்கு 1985-இல்தான் விடை கிடைத்தது. ஆலோசகர் பதிவு பறிக்கப்பட்ட கிறிஸ்டோபர் லோ என்பவர் தொடர்ந்து முதலீட்டு மடல்களை வெளியிட்டார். ஆணையம் தடுக்க முயன்றது. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரின் நிலைமைக்கு ஏற்பச் சொல்லாமல், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் கருத்தை வெளியிடும் இதழ்கள் சட்டத்தின் அந்த விலக்கில் அடங்கும். அதற்குப் பதிவு தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு நியாயமானதே. கருத்துச் சொல்வதற்கெல்லாம் அரசிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றால் நாடு நாடாக இராது. ஆனால் ஒலிவாங்கியின் முன் பொதுவாகப் பேசிவிட்டு, "எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள்" என்று முடிப்பவரின் உண்மையான தொழில் அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அது வானொலியில் யாருக்கும் கேட்பதில்லை.

பேச்சு வானொலியின் வளர்ச்சி

1980களில் இரு மாற்றங்கள் ஒன்றுசேர்ந்தன. பாடல்கள் பண்பலைக்குச் சென்றுவிட, மத்திய அலை நிலையங்கள் பேச்சு நிகழ்ச்சிகளுக்கு மாறின. செயற்கைக்கோள் மூலம் ஒருவரின் பேச்சை நாடெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கு மலிவாக அனுப்ப முடிந்தது. மறுபுறம், ஊழியருக்கு ஓய்வூதியத்தை நிறுவனமே வழங்கிய பழைய முறை தேய்ந்து, ஊழியர் தம் சம்பளத்தில் தாமே சேமித்து முதலீடு செய்யும் 401(கே) கணக்கு பரவியது. ஓய்வு பெறும் நாளில் கையில் ஒரு பெருந்தொகை வந்து சேரும். அதை என்ன செய்வது என்று சொல்ல ஆள் இராது. ஓய்வூதியப் பணப்பலன் வந்த வாரத்தில் வீட்டுக்கு வரும் விருந்தினர்களின் எண்ணிக்கை கூடுவதை நம் ஊர் ஆசிரியர்களும் அறிவார்கள்.

1981-இல் என்.பி.சி.யின் 'டாக்நெட்' சேவையில் புரூஸ் வில்லியம்ஸ் நடத்திய நிகழ்ச்சி இவ்வகையில் முன்னோடி. கேட்பவர் தொலைபேசியில் தம் சிக்கலைச் சொல்வார். அவர் நேரடியாக அறிவுரை கூறுவார். நேர்மையாக நடந்த இந்நிகழ்ச்சியின் புகழைப் பின்பற்றிப் பலர் வந்தனர். அவர்களுள் பலர் நிலையத்திடம் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். நிலையத்துக்குப் பணம் கொடுத்து ஒரு மணி நேரத்தை விலைக்கு வாங்கியவர்கள். கடைத்தெருவில் திண்ணையை வாடகைக்கு எடுப்பது போன்றது இது. நிகழ்ச்சிக்கு முன் ஒரு வரி அறிவிப்பு வரும். பிறகு வரும் ஒரு மணி நேரத்தை நிலையத்தின் சொந்த நிகழ்ச்சியாகவே மக்கள் கேட்பார்கள்.

நாடெங்கும் ஒலித்த சன்னி பிளாக் என்பவரின் நிதி நிகழ்ச்சி இவ்வகையில் முதல் பெரிய வீழ்ச்சி. தாம் பரிந்துரைத்த முதலீடுகளுக்காக மறைவாகப் பணம் பெற்றார் என்றும், வானொலி நிலையங்கள் வாங்குவதாகச் சொல்லி நேயர்களிடம் திரட்டிய பணத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றும் 1995-இல் குற்றம் சாட்டப்பட்டது. டொமினிக்கன் குடியரசில் இருந்த அவர் பிடித்து வரப்பட்டார். பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1998-இல் புற்றுநோயால் இறந்தார்.

'பணத்தைப் பின்தொடருங்கள்'

மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பாட்ரிக் கைலி நடத்திய 'பணத்தைப் பின்தொடருங்கள்' என்ற நிகழ்ச்சி 200க்கும் மேற்பட்ட நிலையங்களில் ஒலிபரப்பானது. கிறித்தவ சமய நிலையங்களே அதன் முக்கியத் தளம். டாலர் வீழப்போகிறது, வங்கிகள் திவாலாகும், அரசு மக்களின் சேமிப்பைப் பறிக்கும் என்பது நிகழ்ச்சியின் தொடர்ந்த செய்தி. 2008-இல் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தபோது, கேட்டவர்களுக்கு அவர் வருமுன் உரைத்தவராகவே தோன்றினார்.

அச்சத்துக்கு மருந்தாக அவர் முன்வைத்தது ஓர் அந்நியச் செலாவணித் திட்டம். அதன் விளக்கம் இப்படி இருந்தது: இசுலாமியச் சட்டம் வட்டியைத் தடை செய்கிறது. அச்சட்டப்படி நடக்கும் ஒரு நிறுவனத்தின் வழியாக நாணயங்களைக் கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டியதில்லை. அந்தக் கடனைக் கொண்டு வட்டி தரும் நாணயத்தை வாங்கி வைத்தால் வட்டி முழுவதும் லாபம். ஆண்டுக்கு 10 முதல் 12 சதவீதம் வரை நிச்சயம். இழப்புக்கு இடமே இல்லை. பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பொருளியல் படித்தவர் இதில் ஓட்டை காண்பார். வட்டி வாங்காதவர் எதற்காகக் கடன் கொடுக்க வேண்டும் என்ற ஒரு கேள்வி போதும். ஆனால் சாதாரண நேயருக்கு இது தமக்கு மட்டும் தெரியவந்த இரகசியமாகத் தோன்றியது. கிறித்தவ வானொலியின் நேயர்களிடம் இசுலாமியச் சட்டத்தைக் காட்டி இத்திட்டம் விற்கப்பட்டது என்பது இவ்வழக்கின் விந்தைகளுள் ஒன்று.

பணத்தை உண்மையில் கையாண்டவர் டிரெவர் குக் என்ற முப்பது வயதுகளில் இருந்த இளைஞர். மினியாபொலிஸ் நகரின் வான் டியூசன் மாளிகை என்ற பழைய கல்மாளிகையில் அவருடைய அலுவலகம் இருந்தது. பணத்தைப் பார்க்க வந்தவர்கள் மாளிகையைப் பார்த்துத் திருப்தியுடன் திரும்பினார்கள். திரண்ட தொகை சுமார் 19 கோடி டாலர். அதில் ஒரு பகுதியே வணிகத்தில் இடப்பட்டது, அதுவும் பெரும்பாலும் இழக்கப்பட்டது. மற்றதில் பழைய முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தது போக, சூதாட்டத்துக்கும் ஆடம்பரத்துக்கும் சென்றது.

இத்தகைய திட்டம் ஏன் பல ஆண்டுகள் பிடிபடாமல் ஓடுகிறது என்பதற்குப் பள்ளியில் சொல்லித்தரும் தனிவட்டிக் கணக்கே போதும். 100 பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் கையில் ஒரு கோடி. ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் கொடுக்க வேண்டியது 12 லட்சம். ஒரு பைசாகூடச் சம்பாதிக்காமல், மோசடிக்காரர் தமக்கென ஒன்றும் எடுக்காமல், முதலிலிருந்தே வட்டி கொடுத்தாலும் 8 ஆண்டு 4 மாதம் ஓட்டலாம். நடைமுறையில் பலர் வட்டியை வாங்காமல் அங்கேயே வளரட்டும் என்று விட்டுவிடுவதால் இன்னும் அதிகக் காலம் ஓடும். மாதந்தோறும் வரும் அறிக்கைத் தாளில் எண்கள் கூடிக்கொண்டே இருக்கும். வகுப்பில் இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் போட்டும், இப்படி ஒரு பயன் அதற்கு உண்டு என்று நான் மாணவர்களுக்குச் சொன்னதில்லை.

2009-இல் சில முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் குக், கைலி இருவர் மீதும் வழக்குத் தொடர்ந்து சொத்துகளை முடக்கியது. குக் 2010-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். கைலியும் உடன் இருந்த ஜேசன் பெக்மன், ஜெரால்டு டுராண்ட் ஆகியோரும் 2012-இல் நடுவர் குழுவால் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டனர். 2013-இல் பெக்மனுக்கு 30 ஆண்டும் கைலிக்கும் டுராண்டுக்கும் தலா 20 ஆண்டும் விதிக்கப்பட்டன. அப்போது கைலிக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

தாமும் குக்கால் ஏமாற்றப்பட்டவரே என்பது கைலியின் வாதம். திட்டத்தின் உள்விவரம் தமக்குத் தெரியாது என்றார். நடுவர் குழு இதை ஏற்கவில்லை. எனினும் அந்த வாதத்தையே சற்று யோசித்தால், அவரை நம்பியவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது. திட்டம் தமக்குத் தெரியும் என்று சொல்லித்தான் 200 நிலையங்களில் அவர் பேசினார்.

பென்னட், காலகர்

வாஷிங்டன் பகுதியில் நிதி நிகழ்ச்சி நடத்திய டான் பென்னட் என்ற பெண்மணியின் வழக்கு வேறு வகை. முறையாகப் பதிவு செய்த ஆலோசகர் அவர். தாம் நிர்வகிக்கும் தொகையை வானொலியில் பல மடங்கு கூட்டிச் சொன்னார் என்று 2015-இல் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அதற்குப் பின்னர், தம் இணைய விளையாட்டு ஆடைக் கடைக்கென 15 சதவீத வட்டி தருவதாகச் சொல்லி, பெரும்பாலும் முதியவர்களிடம் 2 கோடி டாலருக்கு மேல் திரட்டியது தெரியவந்தது. அப்பணத்தில் ஒரு கால்பந்து மைதானத்தில் ஆடம்பர அறைக் குத்தகை எடுத்திருந்தார். நமக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றும் உண்டு: விசாரணையிலிருந்து தப்புவதற்காக இந்தியாவில் புரோகிதர்களைக் கொண்டு வேள்விகள் நடத்த, இணையதளம் ஒன்றின் வழியாக 8 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டிருந்தார். வேள்வி பலிக்கவில்லை. 2018-இல் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு, 2019 ஜூலையில் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ், ஃபோர்ட் வொர்த் பகுதியில் 'பண மருத்துவர்' என்று தம்மை அழைத்துக்கொண்ட வில்லியம் நீல் காலகர், கிறித்தவ வானொலியில் நீண்ட காலம் பேசியவர். விளம்பரத்தின் முடிவில், ஞாயிறன்று தேவாலயத்தில் சந்திப்போம் என்று சொல்வது அவர் வழக்கம். அவர் வாக்களித்தது 12 சதவீதமோ 15 சதவீதமோ அன்று. ஆண்டுக்கு 5 முதல் 8 சதவீதம் மட்டுமே. பேராசை பெருநட்டம் என்று ஏமாந்தவர்களைக் குறை கூறுபவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். பேராசைக்காரர்களைத் தேடாமல், பணம் கரையாமல் இருந்தால் போதும் என்று எண்ணிய முதியவர்களைத் தேடினார் அவர்.

2019 மார்ச்சில் ஆணையம் அவர் மீது வழக்குத் தொடர்ந்தது. 2020-இல் டாலஸ் நீதிமன்றம் 25 ஆண்டுச் சிறை விதித்தது. அண்டை மாவட்டமான டாரண்ட் நீதிமன்றத்தில் 2021 நவம்பரில் தண்டனை விசாரணை நடந்தபோது அவருக்கு வயது 80. பாதிக்கப்பட்டவர்கள், பலர் எழுபது, எண்பது வயதினர், ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சியம் அளித்தனர். வீட்டை விற்றவர்களும், முதுமையில் மீண்டும் வேலைக்குச் செல்ல நேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். நீதிமன்றம் மூன்று ஆயுள் தண்டனைகளை விதித்தது.

இழந்த பணத்தைத் தேடும் பொறுப்பு இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் நியமிக்கும் பெறுநரிடம் விடப்படுகிறது. அவர் மாளிகை, வாகனம், நகை என அகப்பட்டதை விற்று, விகிதப்படி பகிர்ந்தளிப்பார். முன்னரே 'லாபம்' பெற்று வெளியேறியவர்களிடமிருந்தும் அத்தொகையைத் திரும்பக் கேட்பார். அதுவும் மற்றொரு முதியவரின் பணம் என்பதால். ஒலிபரப்பு நேரத்துக்காக வானொலி நிலையங்கள் பெற்ற கட்டணமும் அதே பணத்திலிருந்து வந்ததுதான்.